கிழியாத வலையைப் பின்னியவர்

என் கணவருக்கு வந்த நோயின் முதல் அறிகுறியைப் பார்த்து எங்கள் குப்பமே அவரைப் பாராட்டியது.

அவர் வலை பின்னினார், அவ்வளவுதான். காலையில் எழுந்ததும் வீட்டுக்கு எதிரே பூவரச மரத்தடியில் வலையை விரித்துக்கொண்டு, ஊசியும் நூலுமாக உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டார். வைத்த சோறு ஆறிப்போகும். பேச்சுக் கொடுத்தால் ‘ம்’ என்பார். பழவேற்காட்டு ஏரிக்கரையில் தொழில் இல்லாத நாளில் ஆண்கள் சீட்டாடுவார்கள், குடிப்பார்கள், படகு நிழலில் படுத்துத் தூங்குவார்கள். அப்படிப்பட்ட நாளில் வலையைத் தொடுகிறவன் தங்கமான பிள்ளை. அதனால் எங்கள் தெருப் பெண்கள் அவரைக் காட்டித் தங்கள் வீட்டு ஆண்களைத் திட்டினார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

அவர் பெயர் தேசப்பன். புருஷன் பெயரைச் சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. இங்கே சொல்லத்தான் போகிறேன். ‘அவரு, இவரு’ என்று மூடி மூடிப் பேசியதில்தான் வைத்தியம் பார்த்திருக்க வேண்டிய காலமெல்லாம் போயிற்று.

மாத்திரைக்கு அடிமையான ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். ஆறுதல் தேடி வந்திருந்தால் வேறு இடம் பாருங்கள். என்னிடம் இருப்பது நடந்த கதை மட்டும்தான்.

நான் பள்ளி இறுதி வகுப்புவரை படித்தவள். குப்பத்துப் பால்வாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரு நாள் மதியம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வலையின் மடியில் (இறால் வந்து சேரும் பை போன்ற பகுதி) ஓர் ஓட்டை இருந்தது. காலையில் அதே இடத்தை அவர் பின்னி முடித்ததை நான் பார்த்திருந்தேன். எலி கடித்திருக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் சுவரோரம் நின்று பார்த்தேன். ஒரு கண்ணிகூட விடாமல் அழகாகப் பின்னினார். முடிச்சை இழுத்துச் சோதித்தார். பிறகு இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, பின்னிய இடத்தை அப்படியே அறுத்தார். மறுபடி ஊசியில் நூலை ஏற்றினார். முகத்தில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

“இன்னாயா பண்ற? நல்லாத்தான கீது?” என்று கேட்டேன்.

“இன்னும் கொஞ்சம்மே,” என்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்தப் பேச்சை நான் முன்பே கேள்விப்பட்டிருந்தேன். தண்ணீரிலும் அவர் அப்படித்தான் சொல்கிறார் என்று அவருடைய அண்ணன் மாசிலாமணி ஒரு முறை வந்து குறைப்பட்டுக்கொண்டு போயிருந்தார். எனக்குத்தான் அப்போது உறைக்கவில்லை.

எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. நல்ல இறால் ஓடும் இடங்களில் முறை வைத்துத்தான் தொழில். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆண்களின் பெயர்களை எழுதி, ஆண்டுக்கு ஒரு தடவை கோயில் முன்னால் சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த இடம், எந்த வரிசை என்று ஊர் முடிவு செய்யும். பாடு வரிசையில் பெயர் இருக்கிறவன் ஊருக்கு ஓர் ஆள். பெயர் போனவனும் ஊரில் இருப்பான். கோயில் சோற்றுக்கு அவனைக் கடைசியில் கூப்பிடுவார்கள்.

கழிகளை நட்டு, நீரோட்டத்துக்குக் குறுக்கே வலையைக் கட்டிவிட்டு எல்லோரும் இடுப்பளவுத் தண்ணீரில் காத்திருப்பார்கள். ஒருவர் மட்டும் ‘எடு’ என்று சொல்வார். முந்திச் சொன்னால் இறால் ஏறியிருக்காது. பிந்திச் சொன்னால் நண்டு வந்து இறாலையும் தின்று வலையையும் அறுத்துவிடும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தைக் கண்டுபிடிப்பதில் தேசப்பன் கெட்டிக்காரர். கழியில் கையை வைத்தால் தண்ணீரின் இழுப்பு அவருக்குத் தெரியும். பேசவே தெரியாத மாப்பிள்ளை, ஆனால் ஒரு சொல்லைச் சரியாகச் சொல்வார் என்று சொல்லித்தான் எங்கள் நைனா என்னைக் கட்டிக்கொடுத்தார்.

எழுபதுகளில் இறாலுக்குத் திடீரென்று விலை வந்தது. ஐஸ் பெட்டிகளோடு லாரிகள் கரைவரை வந்து நின்றன. தங்கள் முறை வந்தவர்கள் எல்லோரும் தேசப்பன் வந்து ‘எடு’ சொல்ல வேண்டும் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தண்ணீர் ஏறுவதும் வடிவதும் மனிதனின் தூக்கத்தைக் கேட்டு நடப்பதில்லை. அசந்துவிட்டால் அந்தக் கொஞ்ச நேரம் தவறிவிடும் என்ற பயம் அவருக்கு வந்துவிட்டது. லாரி டிரைவர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். விடிய விடிய வண்டி ஓட்ட அவர் போட்டுக்கொள்வது. முழிப்பு மாத்திரை என்றார்கள். பிறகு பொன்னேரியில் ஒரு கடையில் டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைத்தது.

முதல் சில மாதங்கள் நன்றாகவே இருந்தன. இதை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். பேசாத மனிதர் பேசினார். கூரையைப் பிரித்துப் புதிதாக வேய்ந்தார். என்னைப் பொன்னேரிக்குக் கூட்டிப்போய் சினிமா காட்டினார், வரும் வழியெல்லாம் கதையை எனக்கே திருப்பிச் சொன்னார். அந்த மனிதரை எனக்குப் பிடித்திருந்தது. மாத்திரை பேசுகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

பிறகு ஒரு மாத்திரை போதவில்லை. சாப்பாடு நின்றது. கன்னம் ஒட்டியது. எந்நேரமும் பல்லை நறநறவென்று கடித்தார். தண்ணீரில் நின்றால் அவர் வாயிலிருந்து ‘எடு’ வரவில்லை. நீர் வடிந்துகொண்டிருக்கும், கூட நிற்கிறவர்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவர் “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்றபடி நிற்பார். ஒவ்வொரு முறையும் நண்டு முந்திக்கொண்டது. அறுந்த வலையைக் கரைக்குக் கொண்டுவந்து பின்ன உட்கார்ந்தார். அறுந்த இடம் தீர்ந்த பிறகும் அவரால் நிறுத்த முடியவில்லை. அந்தக் காட்சியைத்தான் ஊர் மெச்சியது.

மழைக்காலம் முடிந்தபோது தோலைச் சுரண்ட ஆரம்பித்தார்.

“உள்ள ஓடுதுமே. இறால் குஞ்சு. தோ, முட்டிகிட்டருந்து மேல வருது பாரு,” என்று கையை நீட்டுவார். நான் பார்ப்பேன். வெறும் கை. கிளிஞ்சலின் விளிம்பால் அந்த இடத்தைக் கீறி, ரத்தத்துக்குள் விரலை விட்டுத் தேடுவார். இதை மருத்துவர்கள் தொடு பிரமை (இல்லாத ஒன்று உடம்பில் ஊர்வதாகத் தோன்றுவது) என்கிறார்கள். பொன்னேரி ஆஸ்பத்திரியில் சொறி என்று சொல்லி மஞ்சள் களிம்பு கொடுத்தார்கள். அதைப் பூசிக்கொண்டால் குஞ்சுகளுக்கு மூச்சு முட்டும் என்று அவரும் ஆர்வமாகப் பூசிக்கொண்டார்.

அடுத்தது சந்தேகம். நான் கொடியில் சிவப்புச் சேலை காயப்போட்டால், பக்கத்துக் குப்பத்துக்கு ஜாடை காட்டுகிறேனாம். எங்கள் முறை எந்த இடம் என்பதை நிறத்தால் சொல்கிறேனாம். முதல் தடவை கத்தினார். இரண்டாவது தடவை படகுத் துடுப்பால் அடித்தார். அதன் பிறகு என் துணிகளை எல்லாம் வீட்டுக்குள்ளேயே காயப்போட்டேன். ஈரத்துணி நாற்றத்தோடு பால்வாடிக்குப் போனேன். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டன.

ஒரு நாள் அவர் மறைத்து வைத்திருந்த மாத்திரைகளைக் கூரைச் செருகலில் கண்டுபிடித்தேன். அப்படியே அடுப்பில் கொட்டினேன். அவர் பார்த்துவிட்டார். என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. எரிகிற அடுப்புக்குள் வலது கையை விட்டுத் துழாவினார். நான் பிடித்து இழுக்கும்வரை கையை எடுக்கவே இல்லை. விரல் வெந்த நாற்றம் வந்தது. அவர் முகத்தில் வலி இல்லை, தேடல் மட்டும் இருந்தது. இது குடிகாரனின் கொழுப்போ சோம்பேறியின் திமிரோ இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

மாசிலாமணியும் நானும் அவரைச் சென்னைக்குக் கூட்டிப்போனோம். ரயிலில் அவர் கையை நானும் அவர் அண்ணனும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எதிரே இருந்தவர்கள் போலீஸ் கேஸ் என்று நினைத்து எழுந்து போனார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் ஒரு பெண் டாக்டர். ஐம்பது வயதிருக்கும். நான் நடந்ததைச் சொல்லத் தொடங்கி அழுதுவிட்டேன். “அழறதா இருந்தா வெளிய போய் முடிச்சுட்டு வாம்மா. எனக்கு நிறையக் கேள்வி இருக்கு,” என்றார். நான் வெளியே போய் முடித்துக்கொண்டு வந்தேன். அந்தக் கணம் அவரை வெறுத்தேன். அவரைப்போல நேராகப் பேசியவர் வேறு யாருமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர்தான் அந்த மாத்திரையின் பெயரைச் சொன்னார்: ஆம்ஃபெட்டமின் (மூளையைத் தூண்டி, தூக்கத்தையும் பசியையும் தள்ளி வைக்கும் மருந்து). மேசைமேல் பிளாஸ்டரால் செய்த மூளை ஒன்று இருந்தது. கழற்றிக் கழற்றிக் காட்டியதில் அதன் முன்பாகம் தளர்ந்துபோயிருந்தது. விழாமல் இருக்க ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார்.

அந்த முன்பாகம்தான் முன்மடல் (நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி). எது போதும், எதை நிறுத்த வேண்டும், இரண்டில் எது மேல் என்று பார்ப்பது அதன் வேலை. மூளையின் ஆழத்தில் வேறொரு இடம் இருக்கிறது. அடித்தளக் கருக்கள் (ஆசையையும் பழக்கத்தையும் நடத்தும் நரம்புத் திரட்சிகள்) என்று அதற்குப் பெயர். ‘இது நன்றாக இருக்கிறது, மறுபடி செய்’ என்று சொல்வது அதன் வேலை. இரண்டும் டோபமைன் (நரம்பிலிருந்து நரம்புக்குச் செய்தி கொண்டுபோகும் வேதிப்பொருள்) மூலமாகப் பேசிக்கொள்கின்றன. மாத்திரை அந்தச் செய்தியை வெள்ளமாகத் திறந்துவிடுகிறது. ‘மறுபடி செய்’ என்ற சத்தத்தில் ‘போதும்’ என்பது கேட்காமல் போகிறது. நாளாக ஆக, அதைச் சொல்லும் இடமே சோர்ந்துவிடுகிறது.

வலையைப் பற்றிக் கேட்டேன். ஒரு வேலை முடிந்துவிட்டது என்ற நிம்மதியும் முன்மடல் தரும் செய்திதான் என்றார். தேசப்பனுக்கு அந்தச் செய்தி வரவில்லை. கை மட்டும் பழகிய வேலையைச் செய்துகொண்டே இருந்தது. மற்ற ஊர்களில் இதே நோய் வந்தவர்கள் கடிகாரத்தைப் பாகம் பாகமாகக் கழற்றி மறுபடி பூட்டிக்கொண்டே இருப்பார்களாம்.

மாசிலாமணிக்குப் பொறுமை போய்விட்டது. “புத்தி கெட்டுப் பண்றானா, திமிர்ல பண்றானா, அத்த மட்டும் சொல்லுங்கம்மா,” என்றார்.

“கால் ஒடிஞ்சவனைப் பார்த்து, நடக்க முடியலையா, நடக்க மாட்டேங்கறியான்னு கேப்பீங்களா?” என்றார் டாக்டர். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “ஆனா காலுன்னா கட்டுப் போடலாம். இதுக்கு அது கிடையாது. படம் எடுத்தாலும் மூளை பார்க்க நல்லாத்தான் இருக்கும். உள்ள இருக்கற இணைப்புதான் மாறியிருக்கும்னு நினைக்கறோம். மாத்திரையை நிறுத்தினா தூக்கம் திரும்பும், பசி திரும்பும், சதை திரும்பும். முடிவெடுக்கறது கடைசியிலதான் வரும். முழுசா வருமான்னு எனக்குத் தெரியாது.”

“வரலன்னா?” என்று கேட்டேன்.

“வரலன்னா வராது,” என்றார்.

பாடு வரிசையில் பெயர் இருக்கிற ஒருவனுக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை என்றால் என்ன ஆகும் என்பது அந்த அறையில் எனக்கும் மாசிலாமணிக்கும் மட்டுமே தெரியும். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மாத்திரை நின்றதும் விலகல் நிலை (பழகிய மருந்து இல்லாமல் உடம்பும் மனமும் படும் பாடு) வந்தது. முதலில் தூங்கினார். சோறு ஊட்ட எழுப்பினால் மென்றுகொண்டே தூங்கினார். தூக்கம் தெளிந்தபோது இன்னும் மோசம். எதுவும் பிடிக்கவில்லை, எதுவும் ருசிக்கவில்லை. ஏரியை நினைத்தால் எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டதற்கு, “பாத்திரம் கழுவுன தண்ணி மாரி கீது,” என்றார். சாக வேண்டும் என்றார். அதையும் எப்படி என்று தீர்மானிக்க முடியவில்லை என்று அழுதார். நான் அழவில்லை. எனக்குள் ஈரம் வற்றியிருந்தது.

ஒரு நாள் வார்டில் இடம் மாற்றினார்கள். ஜன்னலோரக் கட்டிலா, சுவரோரக் கட்டிலா, எது வேண்டும் என்று நர்ஸ் கேட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்தபோதும் தேசப்பன் இரண்டு கட்டிலுக்கும் நடுவே பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார். ஜன்னல் பக்கம் ஓர் அடி வைப்பார், நிற்பார், சுவர் பக்கம் திரும்புவார், நிற்பார். மற்ற நோயாளிகள் சிரித்தார்கள். ஒருவர் கைதட்டி உற்சாகப்படுத்தினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவரைப் பிடித்து ஜன்னலோரக் கட்டிலில் தள்ளினேன்.

டாக்டர் அதைப் பார்த்துவிட்டார். என்னை வராண்டாவுக்கு அழைத்தார். “நீ முடிவெடுத்துக் குடுத்தா அவர் தலை எதுக்கும்மா? நாள் பூரா நிக்கட்டும். அவரேதான் உக்காரணும். வீட்டுக்குப் போனாலும் இதேதான். அவர் கேட்டாலும் நீ சொல்லக் கூடாது. கல்நெஞ்சாதான் இருக்கணும்,” என்றார். கல்நெஞ்சு எனக்கு அதற்குள் நன்றாகவே பழகியிருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு தடவை சறுக்கினார். லாரி டிரைவர் இரக்கப்பட்டுக் கொடுத்தாராம். இரக்கத்தைப்போலக் கேடு கெட்டது உலகத்தில் இல்லை. திரும்பவும் ஆஸ்பத்திரி, திரும்பவும் அந்தத் தூக்கம், அந்த அழுகை. இரண்டாவது தடவை சுலபமாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டாவது தடவைக்குப் பிறகு அவர் மாத்திரையைத் தொடவில்லை.

அடுத்த ஆண்டு சீட்டுப் போடும் நாள் வந்தது. ஊர்க் கூட்டத்தில் மாசிலாமணி எழுந்து, தன் பையனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, பாடு வரிசையில் புதுப் பெயர் சேர்க்க இடமில்லை, தம்பியின் இடத்தை அவனுக்குத் தர வேண்டும் என்றார். தம்பிக்குப் பிள்ளையும் இல்லை, தலையும் சரியில்லை என்றார். “எந்தம்பி மேல எனக்குப் பாசம் இல்லாம இல்ல. பாட்ட பாசத்துக்குக் குடுக்கறது இல்லியே,” என்றார். கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். அவர் சொன்னதில் பொய் இல்லை. பாடு என்பது ஒருவனுடைய சொத்து அல்ல, எல்லோரும் பிழைக்கப் போட்ட ஒழுங்கு. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அவரைத் திட்டக்கூட எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

பெரியவர்கள் ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். ஒரு முறை தேசப்பன் ‘எடு’ சொல்ல வேண்டும். வலை நிறைந்தால் பெயர் இருக்கும். இல்லாவிட்டால் பெயர் போகும்.

பெண்கள் வலை கட்டும் இடத்துக்குப் போகக் கூடாது. கரையில் நிற்கத் தடையில்லை. நல்ல பகல் வெளிச்சம். கழிகள், வலை, அவற்றைச் சுற்றி மனிதர்களின் தலைகள், நடுவே கழியைப் பிடித்துக்கொண்டு தேசப்பன். தீய்ந்த வலது விரல்களில் உணர்ச்சி குறைவு, அதனால் இடது கையால் பிடித்திருந்தார். வலை நிறைய வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. வாயைத் திறந்தால் போதும் என்றுதான் வேண்டினேன். அப்படி வேண்டியதற்கு இப்போதும் வருத்தப்படுகிறேன், இன்னும் பெரிதாகக் கேட்டிருக்கலாம்.

“எடு.”

குரல் தண்ணீர்மேல் தெளிவாக வந்தது. நீரோட்டம் தெரியாத எனக்கே தெரிந்தது, தண்ணீர் இன்னும் வடியவில்லை, கழிகளில் ஈரத் தடமே விழவில்லை. முந்திவிட்டார். யாரும் அசையவில்லை. அவர் மறுபடியும் ‘எடு’ என்றார். எடுத்தார்கள். மடியின் அடியில் கொஞ்சம் இறால் துள்ளியது.

“ஒரு கொழம்புக்குக் காணாது,” என்று மாசிலாமணி சொன்னதும் தெளிவாகத்தான் கேட்டது. சாயங்காலமே பெயரை அடித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து ஈரத் துணியோடு உட்கார்ந்தார். ஏன்யா அவசரப்பட்டாய் என்று கேட்டேன். அவ்வளவு நீளமாக அவர் பேசியது மாத்திரைக் காலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான்.

“ஏறலன்னு தெரியும்மே. கைக்குத் தெரிஞ்சுது. உள்ள ஒரு வாட்டி ‘இன்னும் கொஞ்சம்’னு கேட்டுச்சு. இன்னொரு வாட்டி கேட்டுருந்தா நான் சொல்லியே இருக்க மாட்டேன். விடிய விடிய நின்னுருப்பேன். அதான் சொல்ட்டேன்.”

கட்டிக்கொண்டு அழ வேண்டிய இடம்தான். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நோயை ஜெயிக்க இவருக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா என்று சோற்றுத் தட்டை விட்டெறிந்தேன். அடுத்த தடவை சென்னைக்குப் போனபோது டாக்டரிடம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அந்த அம்மாள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். “நிறுத்திட்டார் இல்ல?” என்றார். அவரை அறைய வேண்டும்போல இருந்தது. அவருக்கு நோயாளி தேறிவிட்டார். எனக்குப் புருஷனின் பாடு போய்விட்டது.

பாடு இல்லாதவர்களுக்கு ஏரியில் சேறு இருக்கிறது. தென்கரைப் பக்கம் ஆழமில்லாத தண்ணீரில் மண்டியிட்டு ஊர்ந்து, கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பனையோலையில் முடைந்த பறியைப் (மீன் போடும் சிறு கூடை) பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்கும். எங்கள் குப்பத்து ஆண்கள் அதைச் செத்தாலும் செய்ய மாட்டார்கள். தேசப்பன் செய்தார். பால்வாடி வேலை முடிந்ததும் நானும் போய் இறங்கினேன். படகில் போகிறவர்கள் எங்களைப் பார்த்து, “வலக்காரன் தவழ்றான் பாரு,” என்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் ‘எடு’ சொல்ல அவரைத் தேடி எங்கள் வாசலுக்கு வந்தவர்களும் இருந்தார்கள்.

அந்த வேலை அவருக்கு ஒத்துக்கொண்டது. கையில் தட்டுப்பட்டால் பிடிக்க வேண்டும், பறியில் போட வேண்டும். காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எப்போது கரையேறுவது என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. வெயில் சாயும் நேரத்தில் எழுந்து நின்று, பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, என்னைக் கேட்பார்.

“போதுமா?”

நான் பறியைக் கடித்தபடி பேசாமல் இருப்பேன்.

“போதுமாமே?”

நான் பேச மாட்டேன். அவர் நின்றுகொண்டே இருப்பார். குளிர்காலத்தில் தாடை அடித்துக்கொள்ளும், உதடு நீலம் பூக்கும். இருட்டிய பிறகு அவராகவே எப்படியோ கரைக்குத் திரும்புவார், சில நாள் நான் முதலில் ஏறிவிடுவேன், நாயைப்போலப் பின்னால் வருவார். ராட்சசி, கட்டின புருஷனைத் தண்ணியில் நிறுத்தி வைத்துக் கொல்கிறாள் என்று ஊர் சொன்னது. டாக்டர் சொன்ன வைத்தியம் என்று ஊருக்கு விளக்க நான் போகவில்லை. எல்லா நாளும் அது வைத்தியமாகத்தான் இருந்தது என்று சத்தியம் செய்யவும் மாட்டேன். துடுப்படி பட்ட தோள் வலிக்கும் நாட்களில் மௌனம் கொஞ்சம் இனிக்கத்தான் செய்தது.

இப்படியே ஆண்டுகள் போயின. எத்தனை என்று எண்ணவில்லை. எண்ணினால் பைத்தியம் எனக்குப் பிடித்திருக்கும். என் நாளில் ஒரே ஒரு நேரம்தான் மிச்சமிருந்தது, அவர் ‘போதுமா’ என்று கேட்பதற்கும் நாங்கள் கரையேறுவதற்கும் நடுவில் உள்ள நேரம். மற்றதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் கிடந்தன. பால்வாடியில் பிள்ளைக்குப் பால் ஊற்றும்போதுகூட, ‘போதும்’ என்று அது சொல்லும்வரை டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வழிந்து தரையில் ஓடும்.

போன மாசியில் ஒரு நாள் இறால் நல்ல ஏற்றம். காலில் இடித்துக்கொண்டு ஓடியது. கையை விட்ட இடத்திலெல்லாம் தட்டுப்பட்டது. அப்படி ஒரு நாள் எங்களுக்கு வந்ததே இல்லை. என் பறி கனத்துத் தாடை வலித்தது, ஆனாலும் கை நிற்கவில்லை.

தேசப்பன் எழுந்து நின்றார். வெயில் இன்னும் சாயவில்லை. வாயிலிருந்து பறியை எடுத்து உள்ளே பார்த்தார். அது நிறையவில்லை. கேள்விக்காக நான் காத்திருந்தேன், பதில் சொல்லாமலிருக்கத் தயாராக.

“போதும்,” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பறியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையை நோக்கி நடந்தார்.

இத்தனை ஆண்டுகள் நான் காத்திருந்த சொல் அது. அதைக் கேட்டதும் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். பறியை வாயிலிருந்து எடுத்தேன்.

“இன்னும் கொஞ்சம்யா,” என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. கரையேறி, ஈர மண்ணில் உட்கார்ந்து, நானாக முடிவு செய்யட்டும் என்று காத்திருந்தார். சேற்றுக்குள் புதைந்த என் கால்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் நான் தண்ணீரிலேயே நின்றுகொண்டிருந்தேன்.